வரியில்லாச் சேமிப்புக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றுதல்: கனடாவுக்குப் புதிதாக வந்தோருக்கான வழிகாட்டி

கனடாவுக்கு வந்தவுடன் சம்பளத்துக்காக எந்த வங்கியில் கணக்குத் திறந்தோமோ, அதே வங்கியிலேயே, அங்கிருந்த அலுவலர் சொன்ன வேகத்தில், வரியில்லாச் சேமிப்புக் கணக்கான ரி.எஃப்.எஸ்.ஏ.யையும் திறந்துவிடுவது பெரும்பாலானோர் வழக்கம். ஓரிரு ஆண்டுகள் கழித்துத்தான் அந்தக் கணக்குக்குக் கிடைக்கும் வட்டி மிகக் குறைவு என்பதும், வேறொரு வங்கியோ கடன் சங்கமோ இணைய வங்கியோ அதைவிடக் கூடுதலாகத் தருகிறது என்பதும் தெரியவரும். அப்போது கணக்கை மாற்றிக்கொள்ளத் தடையேதும் இல்லை. கணக்குதாரர் கேட்டால், அவருடைய பெயரிலேயே வேறிடத்தில் உள்ள இன்னொரு ரி.எஃப்.எஸ்.ஏ.க்குப் பணத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டமே சொல்கிறது.

ஆனால் மாற்றும் முறையில் ஒரு விதியைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். பணம் உங்கள் கைக்கோ உங்கள் நடைமுறைக் கணக்குக்கோ வரக் கூடாது. புதிய வங்கி பழைய வங்கியிடம் எழுதிக் கேட்டு, நேரடியாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விதியைச் சுற்றியே அமைந்தவை.

கையில் எடுத்துப் போட்டால் என்ன ஆகும்

இந்தக் கணக்கில் ஆண்டுதோறும் எவ்வளவு போடலாம் என்பதற்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது. 2022இல் அது 6,000 டொலர், 2023இல் 6,500 டொலர், 2024, 2025, 2026 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 7,000 டொலர். ஓராண்டில் பயன்படுத்தாத வரம்பு அடுத்த ஆண்டுகளுக்குச் சேர்ந்துகொண்டே போகும். 2009இல் இத்திட்டம் தொடங்கிய நாளிலிருந்து கூட்டினால் 2026க்கு 1,09,000 டொலர் வரும். இந்தத் தொகையை விளம்பரங்களிலும் நண்பர்கள் பேச்சிலும் கேட்டுவிட்டு, அது தமக்கும் உரியது என்று புதிதாக வந்தவர்கள் எண்ணிக்கொள்வதுண்டு. உங்களுக்குரிய வரம்பு நீங்கள் வரி நோக்கில் கனடாவில் வசிப்பவரான ஆண்டிலிருந்து மட்டுமே தொடங்குகிறது. அதுவும் 18 வயது நிறைந்திருந்தால்தான். வந்த ஆண்டுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: நவம்பரில் வந்திறங்கினாலும் அவ்வாண்டின் முழு வரம்பும் கிடைக்கும்.

கணக்கிலிருந்து பணம் எடுத்தால், எடுத்த அளவு வரம்பு திரும்பக் கிடைக்கும். ஆனால் அன்றே கிடைக்காது, அடுத்த ஆண்டு ஜனவரி 1ஆம் திகதிதான் கிடைக்கும். கணக்கை மாற்றுகிறவர்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். 2022இல் கனடாவுக்கு வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2025 வரை அவருக்குச் சேர்ந்த வரம்பு 26,500 டொலர்; அதை முழுவதும் போட்டுவிட்டார். 2025 மார்ச்சில் பழைய வங்கியிலிருந்து 20,000 டொலரைத் தம் நடைமுறைக் கணக்குக்கு எடுத்து, அதே வாரத்தில் புதிய வங்கியின் ரி.எஃப்.எஸ்.ஏ.யில் போடுகிறார். அவரைப் பொறுத்தவரை பணம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கனடா வருவாய் முகவரகம், அதாவது எல்லோரும் சொல்லும் சி.ஆர்.ஏ., அதை ஒரு மீளெடுப்பு, ஒரு புதிய வைப்பு என்று இரண்டாகப் பார்க்கும். புதிய வைப்புக்கு வரம்பு இல்லாததால் 20,000 டொலரும் மிகை வைப்பு. மிகை வைப்புக்கு மாதத்துக்கு 1 சதவீதம் வரி. அதாவது மாதம் 200 டொலர். ஆகஸ்டில் தெரிந்து வெளியே எடுத்தால்கூட மார்ச் முதல் ஆகஸ்டு வரை ஆறு மாதங்களுக்கு 1,200 டொலர் கட்ட வேண்டியிருக்கும். மாதத்தில் ஒரு நாள் மிகையாக இருந்தாலும் அந்த மாதம் முழுதாகக் கணக்கில் சேரும்.

நேரடி மாற்றத்தில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஒரு ரி.எஃப்.எஸ்.ஏ.யிலிருந்து இன்னொன்றுக்கு நிறுவனங்களுக்கிடையே பணம் போனால், அது மீளெடுப்பும் இல்லை, வைப்பும் இல்லை. ஒரு டொலர்கூட வரம்பிலிருந்து குறையாது.

இதற்குப் புறம்பாக, நீங்களே எடுத்துப் போட்டாலும் தொல்லையில்லாத சூழ்நிலைகள் இரண்டு உண்டு. உங்களிடம் பயன்படுத்தாத வரம்பு தாராளமாக இருக்கிறது, கணக்கில் இருப்பதோ சிறு தொகை என்றால், எடுத்துப் போடுவது எளிது. மாற்றுக் கட்டணமும் மிச்சம். வரம்பு 20,000 டொலர் மீதமிருக்க, 3,000 டொலருக்காகப் படிவம் நிரப்பி மூன்று வாரம் காத்திருக்க வேண்டிய தேவையில்லை. இரண்டாவது, டிசம்பரில் எடுத்து ஜனவரியில் போடுவது. டிசம்பர் 31க்குள் பணம் உண்மையிலேயே கணக்கைவிட்டு வெளியேறியிருந்தால், ஜனவரி 1இல் அந்த வரம்பு உங்களுக்குத் திரும்பிவிடும். புத்தாண்டின் முதல் வாரத்தில் புதிய வங்கியில் போடலாம். சேமிப்பு வட்டிக் கணக்காக இருந்தால் இது நல்ல வழி. பங்குகளையோ நிதிகளையோ விற்றுத்தான் பணமாக்க வேண்டும் என்றால், விற்பனை முடிந்து பணம் வந்துசேர நாளெடுக்கும் என்பதால் கடைசி வாரத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

முதலில் கணக்குக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ரி.எஃப்.எஸ்.ஏ. என்பது வரிச் சலுகை பெற்ற ஓர் உறை மட்டுமே. அதற்குள் சாதாரண வட்டிச் சேமிப்பு இருக்கலாம், ஜி.ஐ.சி. எனப்படும் நிலையான வைப்பு இருக்கலாம். மியூச்சுவல் ஃபண்ட் இருக்கலாம். தரகு நிறுவனக் கணக்கென்றால் பங்குகளும், பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் நிதிகளான ஈ.ரி.எஃப்.களும் இருக்கலாம். எது இருக்கிறது என்பதைப் பொறுத்தே மாற்றம் எளிதாவதும் கடினமாவதும்.

வட்டிச் சேமிப்பென்றால் கவலைக்கு ஒன்றுமில்லை. ஜி.ஐ.சி. என்றால் முதிர்வுத் திகதியைப் பாருங்கள். முன்கூட்டியே மீட்க முடியாத வகை என்றால் முதிரும்வரை பழைய வங்கி பணத்தை விடாது; மீட்கக்கூடிய வகை என்றாலும் வட்டியில் பெரும்பகுதியை இழக்க நேரலாம். முதிர்வு நாளில் நீங்கள் எதுவும் சொல்லாமலிருந்தால் பல வங்கிகள் அதே காலத்துக்குத் தாமாகவே புதுப்பித்துவிடும். அப்படியானால் இன்னோர் ஆண்டோ ஐந்தாண்டோ போயிற்று. ஆகவே முதிர்வுக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே பழைய வங்கியிடம், முதிர்ந்ததும் பணத்தை அதே ரி.எஃப்.எஸ்.ஏ.க்குள் உள்ள சேமிப்புப் பகுதியில் வைக்கும்படி எழுத்தில் சொல்லிவிட வேண்டும். மாற்றுப் படிவத்திலும் "முதிர்வு நாளில் மாற்றவும்" என்று குறிக்க இடமிருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: முதிர்ந்த பணத்தை எங்கே போடுவது என்று கிளை அலுவலர் கேட்கும்போது, பேச்சுவாக்கில் "என் சேமிப்புக் கணக்கில் போடுங்கள்" என்று சொன்னால், அது சாதாரணச் சேமிப்புக் கணக்குக்குப் போய், மீளெடுப்பாகப் பதிவாகிவிடும். "ரி.எஃப்.எஸ்.ஏ.க்குள்ளேயே" என்ற சொல்லை விடாமல் சொல்லுங்கள்.

மியூச்சுவல் ஃபண்டுகளில், வங்கியின் சொந்தப் பெயரில் வரும் நிதிகளைப் பல சமயங்களில் புதிய நிறுவனம் ஏற்காது. விற்றுப் பணமாக மாற்றத்தான் வேண்டும். இக்கணக்குக்குள் விற்பதால் மூலதன ஆதாய வரி ஏதும் வராது என்பது ஆறுதல். பழைய நிதிகளில் சிலவற்றுக்கு, சில ஆண்டுகளுக்குள் விற்றால் விலகற் கட்டணம் உண்டு. 2022 ஜூன் முதல் இவ்வகை நிதிகளைப் புதிதாக விற்கத் தடை வந்துவிட்டது. அதற்கு முன் வாங்கியவற்றுக்கு அந்தக் கட்டணக் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதால், கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பங்குகளும் ஈ.ரி.எஃப்.களும் இருந்தால், விற்காமல் உள்ளபடியே மாற்றும் வழியைக் கேளுங்கள். பணமாக்கி மாற்றினால், பணம் வழியில் இருக்கும் நாட்களில் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். முழுப் பங்கின் பின்னமாக வைத்திருக்கும் துண்டுகள் மட்டும் பொதுவாக மாறாது, அவை விற்கப்படும்.

கட்டணக் கணக்கு

வெளியே மாற்றுவதற்குப் பழைய நிறுவனம் கட்டணம் வாங்கும். சேமிப்புக் கணக்குகளுக்கு 50 டொலரை ஒட்டியும், தரகு நிறுவனங்களில் 150 டொலர் வரையிலும் இருப்பது வழக்கம். பல இடங்களில் இதன்மேல் விற்பனை வரியும் சேரும். எட்டாயிரம் டொலர் வைத்திருப்பவர் அரை சதவீதம் கூடுதல் வட்டிக்காக மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் மிச்சம் 40 டொலர். கட்டணம் 75 டொலர், ஒன்ராறியோவின் 13 சதவீத வரியோடு 84.75 டொலர் என்றால், அதை ஈடுகட்டவே இரண்டாண்டுக்கு மேல் ஆகும். அந்தக் கூடுதல் வட்டியும் மூன்று, ஐந்து மாதங்களுக்கான அறிமுகச் சலுகையாக மட்டும் இருந்தால் இது வீண் அலைச்சல். என் கருத்தில், சலுகை வட்டியை ஒதுக்கிவிட்டு, அது முடிந்த பின் கிடைக்கும் வழமையான வட்டியைத்தான் ஒப்பிட வேண்டும்.

பெருந்தொகை மாற்றுகிறவர்களுக்குப் புதிய நிறுவனங்கள் பல இந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன. ஆனால் கேட்டால்தான் தருவார்கள், பழைய வங்கியின் அறிக்கையில் கட்டணம் கழிக்கப்பட்ட பக்கத்தைக் காட்டச் சொல்வார்கள். கட்டணத்தைக் கணக்குக்குள்ளிருந்து கழிக்காமல் உங்கள் நடைமுறைக் கணக்கிலிருந்து எடுக்கச் சொல்ல முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். உள்ளிருந்து கழிக்கும் கட்டணம் மீளெடுப்பாகக் கருதப்படாது. எனவே அந்த அளவு வரம்பு திரும்பக் கிடைக்காது.

புதிய இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காப்புறுதியையும் பார்க்க வேண்டும். கனடா வைப்புக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தில் உறுப்பினரான வங்கிகளில் ரி.எஃப்.எஸ்.ஏ. வைப்புக்கு 1,00,000 டொலர் வரை தனிக் காப்புறுதி உண்டு. அதே வங்கியில் உள்ள மற்றக் கணக்குகளோடு இது சேர்த்து எண்ணப்படாது. மாகாணக் கடன் சங்கங்களுக்கு அந்தந்த மாகாணத்தின் ஏற்பாடு. ஒன்ராறியோவில் இவ்வகைப் பதிவுக் கணக்குகளின் வைப்புக்கு உச்ச வரம்பே இல்லை.

புதிய கணக்கும் பெயரும்

பழைய கணக்கை மூடாதீர்கள். "மூடிவிட்டு வாருங்கள்" என்று யாராவது சொன்னாலும் மூடாதீர்கள். மூடுவது என்றாலே பணத்தை உங்கள் கையில் கொடுப்பதுதான். முதலில் புதிய வங்கியில் உங்கள் பெயரில் ஒரு ரி.எஃப்.எஸ்.ஏ. திறக்க வேண்டும். ஒருவர் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து வரம்பு ஒன்றுதான். திறக்கும்போது ஏதாவது போட்டுத் தொடங்கும்படி கேட்டால், உங்களிடம் மீதி வரம்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே போடுங்கள்.

அடுத்தது பெயர். தமிழர்களின் மாற்று விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு நம் பெயரமைப்பே பல சமயம் காரணமாகிறது. ஒரு வங்கியில் தந்தையின் பெயர் முதற்பெயராகவும் இன்னொன்றில் குடும்பப் பெயராகவும் பதிந்திருக்கும். ஒன்றில் முதலெழுத்து மட்டும், இன்னொன்றில் முழுப் பெயர். திருமணத்துக்குப் பின் ஓரிடத்தில் கணவர் பெயர் சேர்ந்திருக்கும், மற்றதில் சேர்ந்திருக்காது. ஆங்கில எழுத்துக் கூட்டலில் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் பழைய வங்கியின் அலுவலர் படிவத்தைத் திருப்பியனுப்பிவிட முடியும். ஆகவே பழைய வங்கியின் கடைசி அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள பெயரும் புதிய கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால், கடவுச்சீட்டையோ நிரந்தர வதிவிட அட்டையையோ காட்டி, எது பிழையோ அந்த வங்கியில் முதலில் திருத்திக்கொள்ளுங்கள்.

சின் எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கமும் அப்படியே. மாணவராகவோ வேலை அனுமதியிலோ வந்தவர்களுக்கு 9இல் தொடங்கும் இலக்கம் கொடுக்கப்பட்டிருக்கும். நிரந்தர வதிவிடம் கிடைத்ததும் அது மாறும். பழைய வங்கியில் பழைய இலக்கமே கிடந்தால் அதைப் புதுப்பித்துவிட்டுத்தான் மாற்றத்தைத் தொடங்க வேண்டும். முகவரியையும் அதே நேரத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மாற்றுப் படிவம்

படிவத்தைப் புதிய வங்கிதான் தரும். இணைய நிறுவனங்களில் பெரும்பாலும் திரையிலேயே நிரப்பிவிடலாம். அதில் கேட்கப்படுபவை சில மட்டுமே: உங்கள் பெயர், சின் இலக்கம், பழைய நிறுவனத்தின் பெயரும் முகவரியும், பழைய கணக்கின் இலக்கம், முழுவதையும் மாற்றுவதா ஒரு பகுதியையா, பணமாகவா உள்ளபடியேவா, கையொப்பம். பழைய கணக்கின் இலக்கத்தில்தான் கவனம் தேவை. வங்கி அட்டையில் உள்ள இலக்கமோ நடைமுறைக் கணக்கின் இலக்கமோ இங்கே பயன்படாது, ரி.எஃப்.எஸ்.ஏ. அறிக்கையின் மேற்பகுதியில் அச்சிட்டிருக்கும் இலக்கத்தை அப்படியே எழுத வேண்டும். அந்த அறிக்கையின் பிரதி ஒன்றையும் படிவத்தோடு இணைத்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

முழுவதையும் மாற்றுவதென்றால் தொகையை எழுத வேண்டாம். "முழுவதும்" என்பதைக் குறியிட்டால் போதும். இன்றைய இருப்பைப் பார்த்து 14,212 டொலர் என்று எழுதினால், மாற்றம் நடக்கும் நாளுக்குள் சேரும் வட்டி பின்தங்கிப்போய், இரண்டு டொலரோடு ஒரு கணக்கு அங்கேயே கிடக்கும். கணக்கின் வகை என்ற இடத்தில், இரு பக்கமும் ரி.எஃப்.எஸ்.ஏ. என்றே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஓய்வுகாலச் சேமிப்புக்கான ஆர்.ஆர்.எஸ்.பி.க்கும் முதல் வீட்டுக்கான சேமிப்புக் கணக்குக்கும் இதே மாதிரிப் படிவங்கள் இருப்பதால், தவறான கட்டத்தில் குறியிடுவது நடக்கக் கூடியது.

அனுப்புவதற்கு முன் பழைய கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் மாதாந்தத் தானியங்கி வைப்பை நிறுத்துங்கள். தரகுக் கணக்கென்றால் நிலுவையில் உள்ள வாங்கல், விற்றல் கட்டளைகளையும் நீக்குங்கள். மாற்றம் தொடங்கியதும் கணக்கு முடக்கப்படும்.

காத்திருக்கும் காலம்

படிவம் போன பின் புதிய வங்கி அதைப் பழைய வங்கியின் உரிய பிரிவுக்கு அனுப்பும். தரகு நிறுவனங்களுக்கிடையே மின்னணு முறை இருப்பதால் ஓரளவு விரைவாக நடக்கும். சேமிப்புக் கணக்குகளில் இன்னமும் தொலைநகலும் தபாலும் காசோலையும் வழக்கத்தில் உண்டு. இரண்டு, மூன்று வாரங்கள் ஆவது சாதாரணம், வரிப் பருவமான பெப்ரவரி, மார்ச்சில் இன்னும் கூடலாம். இடையில் பழைய கணக்கில் பணம் மறைந்து, புதிய கணக்கில் இன்னும் தோன்றாமல் சில நாட்கள் கழியும். அது இயல்பு.

இந்தக் காலத்தில் பழைய வங்கியிலிருந்து ஒருவர் அழைத்து, அங்கேயே இருந்தால் கூடுதல் வட்டி தருவதாகச் சொல்லலாம். தருவது உண்மையானால் எழுத்தில் கேளுங்கள். நல்லதென்றால் இருந்துவிடுவதிலும் குறைவில்லை. ஆனால் அவர் உதவி செய்யும் எண்ணத்தோடு, "வரிசையில் காத்திருப்பானேன், உங்கள் பெயருக்கே காசோலை தந்துவிடுகிறேன்" என்றால், பணிவாக மறுத்துவிடுங்கள். நேரடி மாற்றத்தில் காசோலை புதிய நிறுவனத்தின் பெயருக்கு எழுதப்பட்டு, அந்த நிறுவனத்துக்கே போகும்.

மூன்று வாரத்துக்கு மேலானால் புதிய வங்கியிடம் விண்ணப்பம் எந்த நாளில் போனது என்று கேட்டு, அந்தத் திகதியோடு பழைய வங்கியை அழைக்க வேண்டும். அங்கேயும் சரியான விடை கிடைக்காவிட்டால் முறையான முறைப்பாடு செய்யலாம். வங்கிகள் முறைப்பாட்டை 56 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால், அல்லது தீர்வு திருப்தியில்லாவிட்டால், வங்கிச் சேவைகளுக்கும் முதலீடுகளுக்குமான குறைகேள் அலுவலகத்துக்குக் கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். 2024 நவம்பர் 1 முதல் எல்லா வங்கிகளுக்கும் இதுவே ஒரே வெளி முறைப்பாட்டு அமைப்பு.

பணம் வந்த பிறகு

பழைய அறிக்கையின் கடைசி இருப்பில் கட்டணத்தைக் கழித்த தொகை வந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய வங்கியின் அறிக்கையில் அது "மாற்றம்" என்ற பொருளில் பதிவாகியிருக்க வேண்டும். "வைப்பு" என்றிருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள். படிவத்தின் பிரதி, இரு அறிக்கைகள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

பயனாளியின் பெயர் கணக்கோடு மாறி வராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய வங்கியில் கணவரையோ மனைவியையோ நியமித்திருந்தாலும் புதிய இடத்தில் மறுபடியும் நியமிக்க வேண்டும். அப்போது வாழ்க்கைத் துணையை வெறும் பயனாளியாகக் குறிக்காமல், கணக்கைத் தொடர்ந்து நடத்தும் வாரிசுக் கணக்குதாரராகக் குறிப்பது பெரும்பாலும் நல்லது; உங்களுக்குப் பின் கணக்கு, கணக்காகவே அவருக்குப் போகும், அவருடைய சொந்த வரம்பும் குறையாது. பிள்ளைகளையோ பெற்றோரையோ இந்த இடத்தில் குறிக்க முடியாது. அவர்களைப் பயனாளியாக மட்டுமே குறிக்கலாம். கியூபெக்கில் வங்கிக் கணக்குகளுக்கு இந்த நியமனம் செல்லாது, உயில்தான் எழுத வேண்டும்.

கடைசியாக, அடுத்த ஆண்டு சி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் உங்களுக்குள்ள மை அக்கவுண்ட் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். நிறுவனங்கள் ஓராண்டின் விவரங்களை மறு ஆண்டு பெப்ரவரி முடிவுக்குள்தான் அனுப்புகின்றன. எனவே ஜனவரியில் அங்கே தெரியும் வரம்பு முந்தைய ஆண்டின் நடவடிக்கைகளைச் சேர்க்காததாக இருக்கலாம், அதை நம்பிப் பணம் போடக் கூடாது. ஏப்ரல் வாக்கில், நிறுவனங்கள் அறிவித்த வைப்புகளும் மீளெடுப்புகளும் கொண்ட பட்டியலைப் பாருங்கள். உங்கள் மாற்றம் அதில் மீளெடுப்பாகவும் புதிய வைப்பாகவும் தோன்றினால், பிழையாக அறிவித்த வங்கியே திருத்திய அறிக்கையை அனுப்ப வேண்டும். மேலே சொன்ன கோப்பு அப்போதுதான் கைகொடுக்கும். உண்மையிலேயே மிகை வைப்பு நேர்ந்திருந்தால், மிகையை உடனே வெளியே எடுத்துவிட்டு, ஆர்.சி. 243 என்ற படிவத்தை அடுத்த ஆண்டு ஜூன் 30க்குள் அனுப்பி வரியைச் செலுத்துங்கள். தவறு நியாயமான காரணத்தால் நேர்ந்தது என்றும், தெரிந்தவுடன் சரிசெய்துவிட்டீர்கள் என்றும் விளக்கி எழுதினால், அந்த வரியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் சி.ஆர்.ஏ.க்கு உண்டு.